பதில் கணவர்

அலுமாரிக்குப் பின்னால் நின்று, சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, தொப்புளுக்கு நாலு விரல் கீழே சுதாஜினி தனக்குத்தானே ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். மணி சரியாக நாலு. அலுமாரிக்கு முன்னால் மேசையில் இருந்த ஜி.எஸ். என்ற கிராமசேவகர் பாலன், மரியாதைக்காகச் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தபடி கேட்டார்.

“தங்கச்சி, மனுசன் எந்த மாசம் துலைஞ்சவர்?”

“மே மாசம்.”

“எத்தினையாம் திகதி?”

ஊசி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச மருந்தையும் அழுத்தினாள். “திகதி பாத்துக்கொண்டே ஐயா ஓடினது?”

“அதுவும் சரிதான். பதினெட்டு எண்டு போடுறன். தெரியாத ஆக்களுக்கெல்லாம் அதைத்தான் போடுறனான்.”

ஊசியை மூடி ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள். முல்லைத்தீவுக் கரையில் மீன் வைக்கும் பெட்டி அது. இப்போது உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் மருந்து. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு ஏற்ற வேண்டும், பிந்தக்கூடாது என்று டொக்டர் கமலாசனி சொல்லியிருந்தார். நாலேகாலுக்குப் பூட்டும் அரசாங்கக் கந்தோர்கள் நாலு மணிக்குத்தான் ஆட்களைக் கூப்பிடும் என்பது டொக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலாம் நாள் ஊசி பிரதேச செயலகத்துச் சைக்கிள் கொட்டிலில் ஏறியது. இரண்டாம் நாள் ஊசி உடையார்கட்டு பஸ்ஸில், பக்கத்து ஆசனத்து மனுசி குடையை விரித்து மறைத்துப் பிடிக்க. இது மூன்றாம் நாள்.

“உயரம்?” பாலன் படிவத்துக்குத் திரும்பினார்.

சுதாஜினி கதவுநிலையை ஒருமுறை பார்த்தாள். “அஞ்சடி எட்டு.”

“நிறம்?”

“பொது நிறம்.”

“அங்க அடையாளம்?”

“தெரியாது ஐயா.”

“மனுசிக்குத் தெரியாதோ?”

அவள் ரெஜிபோம் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். பாலனின் முகம் இளகியது. சண்டை முடிந்த அந்த வருடத்தில் அப்படி எத்தனையோ கலியாணம். ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கருக்குள் தாலி கட்டி, பங்கரைவிட்டு ஏறுவதற்குள் பிரிந்தவர்கள் அவருடைய பிரிவிலேயே பதினொரு சோடி. மேற்கொண்டு கேட்பது மனிதத்தன்மை இல்லை என்று அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

“காணாமல்போன ஆள் எண்டு சேர்ட்டிபிக்கேற் எடுத்தனீரோ?”

“சத்தியக்கடதாசி முடிக்க வேணுமெண்டவை. கையெழுத்து வைக்க மனம் வரேல்லை.”

“விளங்குது, விளங்குது.” பாலன் கடிதத் தாளை உருவி, ஒரே மூச்சில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

‘திரு. சுகிர்தன் அவர்களை எனது பிரிவின் பதிவேடுகள் ஊடாகப் பதினாறு வருடங்களாக நன்கறிவேன். மேற்படி காலப்பகுதியில் இவர்மீது எவ்வித முறைப்பாடும் கிடைக்கப்பெறவில்லை. அயலவருடன் சச்சரவு இல்லை. மதுபாவனை இல்லை. நன்னடத்தை உள்ளவர் எனச் சிபாரிசு செய்கிறேன்.’

“உப்பிடி ஒரு மனுசன் கிடைக்க ஒவ்வொரு மனுசியும் குடுத்துவைச்சிருக்க வேணும் தங்கச்சி,” என்றார் பாலன், மனதார.

*

காரியம் இவ்வளவுதான். ஊசியால் முதிரும் சுதாஜினியின் கருமுட்டையை எடுத்து, அத்தான் சஜீவனின் விந்தோடு ஆய்வுகூடத்தில் சேர்த்து, உருவாகும் கருவை அக்கா ரஜிதாவின் கர்ப்பப்பையில் வைப்பது. ரஜிதாவுக்குக் கர்ப்பப்பை இருந்தது, முட்டை இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பெப்ரவரியில், கடைசிச் சண்டையில் ஷெல் பீஸ் பட்டு, காயக்காரர் கப்பலில் திருகோணமலைக்குப் போனவள் அவள். அங்கே உயிரைக் காப்பாற்றிய டொக்டர்மார் இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு நாற்பது. சுதாஜினிக்கு முப்பத்திநாலு. முப்பத்தைந்து தாண்டினால் அந்த நிலையத்தில் முட்டை எடுப்பதில்லை. ஸ்கான் பார்த்த டொக்டர் கமலாசனி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “உமக்கும் மிச்சம் குறைவு பிள்ளை. ஒருக்காத்தான் பாக்கலாம்.”

வைத்தியம் அவ்வளவும் அந்த ஒரு வசனத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் குழு.

வவுனியாவில் புதிதாகத் திறந்திருந்த அந்தத் தனியார் கருவள நிலையத்துக்கு ஒரு ‘கருமுட்டை ஈகை ஒழுக்க மேற்பார்வைக் குழு’ இருந்தது. தலைவர் கனகலிங்கம், ஓய்வுபெற்ற அதிபர். அங்கத்தவர் வீரகத்தி, ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர். மற்ற அங்கத்தவர் இராசேஸ்வரி அம்மா, மூன்று மாதர் சங்கங்களின் ஆயுட்காலத் தலைவி. டொக்டர் கமலாசனியைக் குழுவில் சேர்க்கவில்லை. அவருக்கு வைத்தியம் தெரிந்திருந்தபடியால் நடுநிலையாக இருக்கமாட்டார் என்று முதற்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியிருந்தது.

ஊசி தொடங்குவதற்கு முந்தின கிழமை, மூவரும் வரிசையாக இருக்க, முன்னால் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளில் அக்காவும் தங்கச்சியும் இருந்தார்கள். கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். பாடசாலைக் காலைக்கூட்டம் ஒன்றுக்கான செருமல்.

“பிள்ளையள், எங்கட நாட்டிலை கருமுட்டை குடுக்கிறதுக்கெண்டு தனிச்சட்டம் இல்லை. சட்டம் இருந்தா உங்களுக்கும் லேசு, எங்களுக்கும் லேசு. அதிலை என்ன இருக்கோ அதைச் செய்திட்டுப் போகலாம். இல்லாதபடியால் எல்லாத்தையும் நாங்களே யோசிக்கவேண்டிக் கிடக்கு. அது எவ்வளவு பெரிய சுமை எண்டு நினைச்சுப் பாருங்கோ. ராவிலை நித்திரை இல்லை எனக்கு.”

“ஐயா, நாங்கள் சகோதரம்,” என்றாள் ரஜிதா. “அவள் விரும்பித் தாறாள். நான் வாங்கிறன்.”

“உங்கை பாருங்கோ! விருப்பமாம்.” இராசேஸ்வரி அம்மா கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “உந்த விருப்பத்தாலைதான் உலகத்திலை அரைவாசிப் பிரச்சினை. நான் முதலே சொல்லிப்போட்டன், குமர்ப்பிள்ளையளிட்டை எடுக்கவே கூடாது. குமர்ப்பிள்ளைக்கு என்ன தெரியும்? யோசிக்காமல் தூக்கிக் குடுத்திடும். குடும்பப் பெண் எண்டா அவளுக்காக யோசிக்க வீட்டிலை ஒரு ஆள் இருக்கும்.”

அதுதான் குழுவின் முதலாம் விதி. மணமாகாத பெண் ஈகையாளராக முடியாது. மணமான பெண்ணென்றால் கணவனின் சம்மதம் வேண்டும். ஒரு பெண் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம்.

அப்போதுதான் வீரகத்தி வாயைத் திறந்தார். அதுவரைக்கும் அவர் சுதாஜினியின் ஸ்கான் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு சட்டப் பிரச்சினை இருக்கு. உந்த முட்டை அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?”

“அது சொத்து இல்லை ஐயா,” என்றார் வாசலில் நின்ற டொக்டர் கமலாசனி. “ஒரு கலம். கண்ணுக்கே சரியாத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாட்டிலும் காணி காணிதான் டொக்டர். எங்கட பக்கம் எத்தினை சனத்தின்ர காணி பதினாறு வருசமா வேலிக்கு அங்காலை கண்ணுக்குத் தெரியாமல் கிடக்குது? அதுக்காக உறுதி இல்லையெண்டு சொல்லுவியளோ?” வீரகத்தி படத்தை மேசையில் வைத்தார். “மரம் நிலத்தோடை ஒட்டி நிக்குது, அது அசையாச் சொத்து. முட்டையும் உடம்போடை ஒட்டி நிக்குது. பிடுங்கிற வரைக்கும் அசையாச் சொத்துத்தான். அப்ப தேசவழமைச் சட்டத்துக்குள்ளை வருது. மனுசி தன்ர அசையாச் சொத்தைக் குடுக்கிறதெண்டா மனுசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஏலாது.”

கனகலிங்கம் பிரமித்துப் போனார். சட்டம் இல்லாத இடத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் முந்நூறு வருடப் பழமையான ஒரு சட்டம் கிடைத்திருந்தது. அன்றிரவு அவருக்கு நித்திரை வந்திருக்கும்.

“எல்லை எழுத வேணும்,” வீரகத்தி பேனையை எடுத்தார். “டொக்டர், வடக்கு?”

டொக்டர் கமலாசனி கையிலிருந்த நோயாளர் பட்டியலைப் பார்த்தார். பிறகு, இதை முடித்தால்தான் அடுத்த நோயாளியைப் பார்க்கலாம் என்பது நினைவு வந்தவராக, பல்லுக்குள்ளால் சொன்னார். “வடக்கு குடல். கிழக்கு கர்ப்பப்பை. தெற்கு மூத்திரப்பை. மேற்கு இடுப்பெலும்பு.”

“பரப்பளவு?”

“மில்லிமீற்றரிலை பத்திலை ஒரு பங்கு.”

“ஒரு குளி நிலத்திலும் குறைய,” என்று எழுதிக்கொண்டார் வீரகத்தி.

கடைசியில் கனகலிங்கம் எழுந்து, கொள்கையளவில் குழு சம்மதிக்கிறது, ஊசியைத் தொடங்கலாம், கணவரின் கையெழுத்தை மட்டும் பிறகு கொண்டுவந்து தந்தால் போதும் என்றார். கணவர் காணாமல்போனவர் என்று விண்ணப்பக் கோவையின் முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதை ரஜிதா சுட்டிக்காட்டினாள்.

“காணாமல்தானே பிள்ளை போனவர்?” கனகலிங்கம் கனிவோடு சிரித்தார். “சம்மதிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போகேல்லையே. நம்பிக்கையைக் கைவிடக்கூடாது.”

*

ஆகவே நான்காம் நாள் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உடையார்கட்டில் ஜி.எஸ். கந்தோர்ச் சுவரில் ஒன்று, கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒன்று. சுகிர்தனின் சொந்த இடம் துணுக்காய் என்று குடும்ப அட்டையில் இருந்தபடியால் துணுக்காய்ச் சந்தியிலும் ஒன்று.

‘இத்தால் சகலருக்கும் அறியத்தருவது. சுகிர்தன் என்பவர் எங்கிருந்தாலும் ஐந்து தினங்களுக்குள் நேரில் ஆஜராகி, தனது மனைவி சுதாஜினியின் கருமுட்டை தொடர்பான ஆட்சேபனைகளைத் தெரிவிக்கலாம். ஆஜராகாதவிடத்து அவர் மௌனமாக இருப்பதாகக் கருதப்படும்.’ மேலே வலது மூலையில், சிவப்பில், ‘மிக இரகசியம்’ என்று முத்திரை.

சங்கக்கடைக்குச் சீனி வாங்கப் போனவர்கள் எல்லாரும் அந்த இரகசியத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். சிலர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டினார்கள். சுதாஜினி ரெஜிபோம் பெட்டியோடு கடந்து போனபோது கதை நின்றது. போன பிறகு தொடங்கியது.

“அவளின்ர தலையெழுத்தைப் பார். மனுசன் வருவான் வருவானெண்டு பதினாறு வருசம் இருந்தாள். இப்ப ஆற்றையோ பிள்ளைக்கு முட்டை குடுக்கிறாள்.”

“அக்காவின்ர பிள்ளைதானே?”

“ஆற்ற பிள்ளையெண்டா என்ன, மனுசன் வந்து கேட்டா என்ன சொல்லுவாள்?”

இரண்டு வருடத்துக்கு முன் விசுவமடுவிலிருந்து ஒருவர் சுதாஜினியைக் கேட்டு வந்திருந்தார். உழவுக்கு ரைக்ரர் வைத்திருந்தவர், தாரமிழந்தவர், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் கூச்சக்காரர். விவாகப் பதிவுகாரர் சுகிர்தனின் மரணச் சான்றிதழைக் கேட்டார். மரணச் சான்றிதழுக்குப் போனால் மரணத்தைக் கண்ட சாட்சியைக் கேட்டார்கள். நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரைக்ரர்காரர் வாயைக் கையால் மூடியபடியே விடைபெற்றுப் போனார்.

ஏழாம் நாள் துணுக்காயிலிருந்து ஒரு சாட்சி வந்தது.

பெயர் வீரையா. எழுபது வயது. அறிவித்தலைப் பார்த்தவுடன் பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். குழு அவசரமாகக் கூடி, சுதாஜினியையும் அழைப்பித்தது.

“சுகிர்தனை எனக்கு நல்லாத் தெரியும் ஐயா,” என்றார் வீரையா. “சின்னனிலை இருந்து தெரியும். என்ர கராச்சிலைதான் வேலை பழகினவன். இடக்கையன். சோறெண்டா உயிர், ஆனா பாவக்காய் தின்னமாட்டான். கொஞ்சம் முற்கோபம். தங்கமான பெடியன்.”

சுதாஜினி விழித்துக்கொண்டு இருந்தாள். அவள் தன் கணவனைப் பற்றி முதன்முறையாகச் சில விடயங்களை அறிந்துகொண்டிருந்தாள்.

“அவர் சம்மதிச்சிருப்பாரோ?” கனகலிங்கம் முன்னால் குனிந்தார்.

“ஆர், சுகிர்தனோ? கேட்ட ஆளுக்குத் தான் போட்டிருக்கிற சேட்டையே கழட்டிக் குடுக்கிறவன் ஐயா. முட்டை குடுக்கமாட்டேனெண்டே சொல்லப்போறான்?”

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வீரையா அவள் பக்கம் வந்தார். மெல்லிய குரலில் கேட்டார்: “பிள்ளை, நான் சொன்னது காணுமோ? என்ர மகளும் உப்பிடித்தான் கடதாசிக்கு அலையிறாள். துணுக்காய்ச் சந்தியிலை உம்மட கதையைச் சொல்லிச்சினம். மனம் கேக்கேல்லை.”

சுதாஜினி அவருக்குக் கைகூப்பினாள். “காணும் ஐயா. அவர் பாவக்காய் சாப்பிடமாட்டார்தான்.”

ஆனால் சாட்சியை வைத்துக் கையெழுத்தை உண்டாக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் வரைக்கும் சுகிர்தன் வரவில்லை. மௌனம் சம்மதமா, மறுப்பா என்று குழு இரண்டு மணித்தியாலம் விவாதித்தது. மௌனம் சம்மதம் என்று எடுத்தால் இந்த மாவட்டங்களில் பதினாறு வருடமாகக் கேட்கப்படும் மற்றக் கேள்விகளுக்கும் அதே விதியைப் போடவேண்டி வரும், அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் கனகலிங்கம். அவர் அதிபராக இருந்தபோது இப்படியான சிக்கல்களை ஒரு வழியில்தான் தீர்த்தவர். நிரந்தர அலுவலர் கடமைக்கு வராவிட்டால், அவருக்குப் பதிலாகக் கடமை பார்க்க ஒரு பதில் அலுவலரை நியமிப்பது.

கடிதம் மறுநாள் காலை சுதாஜினிக்குக் கிடைத்தது.

‘தங்கள் நிரந்தரக் கணவர் கடமைக்குச் சமூகமளிக்கும் வரை, அல்லது கருமுட்டை அகற்றும் அலுவல் நிறைவுறும் வரை, இவ்விரண்டில் எது முந்தியோ அதுவரை, திரு. வீரகத்தி அவர்கள் தங்கள் பதில் கணவராக இத்தால் நியமிக்கப்படுகிறார். இந்நியமனம் அவரது தற்போதைய கடமைகளுக்கு மேலதிகமானது.’

தற்போதைய கடமைகள் என்றால் அவருடைய சொந்த மனைவி.

வீரகத்தி பொறுப்பை இலேசாக எடுத்துக்கொள்ளும் மனிதர் இல்லை. அன்று பின்னேரமே போன் வந்தது.

“ஊசி போட்டாச்சோ?”

“ஓம் ஐயா.”

“ஐயா எண்டு கூப்பிடத் தேவையில்லை. சரி, நீர் ஐயா எண்டே கூப்பிடும். வெயிலுக்குள்ளை திரியாதையும். பின்னேரத்திலை உந்த பஸ்ஸிலை போய்வாறதும் எனக்கு விருப்பமில்லை. ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர்? பின்னாலை சத்தம் கேக்குது.”

“அக்கா ஐயா.”

“ம்... அக்காவெண்டா பரவாயில்லை.”

மூன்று நாளும் அழைத்தார். மூன்றாம் நாள் போனை அவருடைய மனைவி பறித்து, “பிள்ளை, உந்த மனுசனை நிரந்தரமாக எடுக்கிறதெண்டாலும் எடும், எனக்கு ஆட்சேபனை இல்லை,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

*

பதினோராம் நாள் ஸ்கானில் ஆறு முட்டை தெரிந்தது. டொக்டர் கமலாசனி விரலால் எண்ணிக் காட்டினார். ரஜிதா திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

“இண்டைக்கு இரவு ஒன்பதரைக்குக் கடைசி ஊசி,” என்றார் டொக்டர். “அதிலையிருந்து முப்பத்தாறு மணித்தியாலம். நாளையிண்டைக்குக் காலமை ஒன்பதரைக்கு நான் எடுத்துப்போட வேணும். பிந்தினா முட்டை தானா வெடிச்சு வெளியாலை போயிடும். பிறகு ஒருத்தராலையும் பிடிக்க ஏலாது. விளங்குதோ?”

விளங்கியது. டொக்டர் குழுவுக்கும் எழுத்தில் அறிவித்தார். குழு தனது இறுதிக் கூட்டத்தை முட்டை எடுக்கும் அதே நாள் காலை எட்டு மணிக்கு வைத்தது. எட்டு மணிக் கூட்டம் எட்டேமுக்காலுக்குத் தொடங்கியது.

சுதாஜினி பச்சைக் கவுனோடு, புறங்கையில் குத்திய ஊசியோடு, தள்ளுவண்டிக் கதிரையில் கூட்ட அறைக்குள் கொண்டுவரப்பட்டாள். முதல்நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. அடிவயிறு கல்லுக் கட்டியதுபோல் இருந்தது. பின்னால் ரஜிதா வண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். மணிக்கூடு எட்டு ஐம்பத்தைந்து.

“சம்பிரதாயம்தான்,” கனகலிங்கம் கோவையைத் தள்ளினார். “வீரகத்தி அண்ணை, இதிலை கணவர் எண்ட இடத்திலை ஒரு கையெழுத்து.”

வீரகத்தி பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு மெல்ல அதைத் திரும்பவும் மூடினார்.

“எனக்குச் சம்மதமில்லை.”

கனகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நாலு நாளா நான் இந்தப் பிள்ளைக்கு மனுசனா இருக்கிறன்,” வீரகத்தி எழுந்து நின்றார். “முதல்லை நானும் கையெழுத்துத்தானே எண்டுதான் நினைச்சன். ஆனா ஒரு பொறுப்பெண்டு வந்தா சும்மா கையெழுத்து வைக்கிற ஆள் நான் இல்லை. முப்பத்திரண்டு வருச சேவை. ஒரு காணிக்கு அனுமதிப் பேமிற் குடுக்கிறதெண்டா குறைஞ்சது ஆறு வருசம் யோசிச்சனான். சில ஆக்கள் அதுக்கிடையிலை செத்தும் போச்சினம், அப்பவும் நான் அவசரப்படேல்லை. இது ஒரு உயிர்! நாலு நாளிலை எழுதித் தா எண்டா எப்பிடி? அதோடை ஒண்டு சொல்லவேணும். இந்தப் பிள்ளை ஒருநாளாவது என்னட்டை, ‘குடுக்கட்டோ’ எண்டு கேட்டதில்லை. அந்த மனவருத்தம் எனக்கு இருக்கு.”

“ஐயா!” ரஜிதாவின் குரல் உடைந்தது. “ஒன்பதரைக்கு எடுக்க வேணும் ஐயா!”

“அப்ப அடுத்த மாசம் வைப்பம்.”

“அடுத்த மாசம் இல்லை. ஒருக்காத்தான் எண்டு நீங்கள்தானே விதி போட்டனீங்கள்?”

“விதி விதிதான்,” என்றார் இராசேஸ்வரி அம்மா, அனுதாபத்தோடு.

ஒன்பது பத்து. சுதாஜினி வண்டிக் கதிரையில் நிமிர்ந்தாள். வாய் காய்ந்து நாக்கு ஒட்டியது.

“நான் ஒண்டு சொல்லவேணும். சுகிர்தனைப் பற்றி. அவர்...”

“பொறும் பிள்ளை.” இராசேஸ்வரி அம்மா கையை உயர்த்தினார். “மனுசனைப் பற்றி இப்ப ஒண்டும் மாத்திக் கதைச்சிடாதையும். மனுசன் எண்டு ஒரு ஆள் இருக்கிறபடியாத்தான் உம்மட கோவை இந்த மேசைக்கே வந்தது. அது இல்லையெண்டா முதலாம் விதியிலையே உம்மைத் தூக்கிப் போட்டிருப்பம்.”

சுதாஜினி வாயை மூடிக்கொண்டாள். உள்ளே ஆறு முட்டை. ஒன்பது பதினாலு.

வாசலில் நின்ற டொக்டர் கமலாசனி, தலையில் தியேட்டர்த் தொப்பியோடு, உள்ளே வந்தார். கத்துவார் என்று சுதாஜினி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. மாணவியைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு கனகலிங்கத்தின் முன் நின்றார்.

“சேர், எனக்கு உந்த நிர்வாகம் விளங்கிறது குறைவு. ஒரு சந்தேகம். பதில் கடமையிலை இருக்கிற ஆள் புதுசா ஒரு முடிவு எடுக்கலாமோ?”

கனகலிங்கத்தின் முதுகு நேரானது. பல வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருந்தார்.

“அதெப்பிடி எடுக்கலாம்? நான் ஏழு வருசம் பதில் அதிபராய் இருந்தனான் டொக்டர். ஏழு வருசத்திலை ஒரு முடிவும் எடுக்கேல்லை. கூரை பறந்தபோதும் எடுக்கேல்லை. அதைப் பாத்துத்தான் என்னை நிரந்தரமாக்கினவை. பதில் அலுவலர் வாற கடதாசிக்குக் கையெழுத்து வைக்கலாம். அவ்வளவுதான்.”

“அப்ப சேர், மறுக்கிறது?”

கனகலிங்கம் கண்ணை மூடி யோசித்தார். மணிக்கூடு ஒன்பது பத்தொன்பது. கண்ணைத் திறந்தார்.

“மறுப்பு ஒரு முடிவு. சம்மதம் வழமையான கடமை. வீரகத்தி அண்ணை, உங்களுக்கு மறுக்கிற அதிகாரம் இல்லை. சம்மதிக்க மட்டும்தான் அதிகாரம் இருக்கு.”

வீரகத்தியின் முகம் சிவந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருட சேவையில் அவர் மேலிடத்து வார்த்தையைத் தட்டியதில்லை. பேனையைத் திறந்து கையெழுத்து வைத்தார். கீழே ‘பதில்’ என்று எழுதினார். பிறகு இறப்பர் முத்திரை இல்லாமல் கையெழுத்து செல்லாது என்று நினைவு வந்து, முத்திரையைத் தேடினார்கள். அது இராசேஸ்வரி அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. ஒன்பது இருபத்தாறு.

டொக்டர் தாதிக்குக் காத்திருக்கவில்லை. தானே வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். ரஜிதா செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். தியேட்டர்க் கதவு திறந்தது, மூடியது. வெள்ளை வெளிச்சம். யாரோ சுதாஜினியை ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள். நாலு வரைக்கும் எண்ணினாள்.

*

கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஒரு கணம், தான் செத்துவிட்டதாக நினைத்தாள். பிறகு பொன்னாடை கண்ணில் பட்டது. செத்தவர்களுக்குப் பொன்னாடை போர்ப்பதில்லை.

பொன்னாடை அவளுக்கில்லை. கனகலிங்கம் அதை வீரகத்திக்குப் போர்த்திக்கொண்டிருந்தார். குறுகிய காலத்தில் பாரிய பொறுப்பை நிறைவேற்றியமைக்காக. ஒரு படமும் எடுத்தார்கள். படத்தில் சேலைன் போத்தலுக்கு இடப்பக்கம் சுதாஜினியின் தலை விழுந்திருக்கும்.

“கோவையிலை எழுதியாச்சு பிள்ளை,” என்றார் கனகலிங்கம் போகும்போது. “சுகிர்தன் தம்பதிகளின் கொடை எண்டு. அவர் எங்கை இருந்தாலும் பெருமைப்படுவார்.”

வீரகத்தி ஒரு நிமிடம் பிந்தி நின்றார். பொன்னாடையைத் தோளில் சரிசெய்தார். “வெளிக்கிட்டுப் போகேக்கை வாகனத்தின்ர முன்சீற்றிலை இரும். குலுக்காது,” என்று சொல்லிவிட்டு, பதவி நீங்கிப் போனார்.

கதவு மூடியதும் அறை அமைதியானது. ரஜிதா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அஞ்சு,” என்றாள். “ஒண்டு தவறிப் போச்சுது. அஞ்சை எடுத்துட்டா. டொக்டர் சொன்னவா, அஞ்சும் நல்ல முட்டையாம். இவரின்ரையோடை சேத்து வைச்சிட்டினமாம்.” சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் அழுகையாகிப் பிறகு திரும்பவும் சிரிப்பானது. “நோகுதோடி?”

“கொஞ்சம்.”

ரஜிதா அவளுடைய நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். சிறுவயதில் பேன் பார்க்கும்போது செய்வதுபோல.

“நானும் இவரும் ஒரு முடிவு எடுத்திருக்கிறம். நீ வேண்டாமெண்டு சொல்லக்கூடாது. பெடியன் எண்டா, சுகிர்தன் எண்டு பேர் வைக்கப்போறம்.”

சுதாஜினி கண்ணை மூடினாள்.

“எனக்கு அவரைத் தெரியாதுதான். நான் கப்பலிலை போனாப் பிறகு நடந்த கலியாணம். ஒரு படம்கூட நான் காணேல்லை. எண்டாலும் ஒவ்வொரு மே மாசமும் அவருக்கும் ஒரு விளக்கு ஏத்துறனான், உனக்குத் தெரியாது. அவர் வந்திருந்தா உனக்கும் இப்ப பெரிய பிள்ளையள் இருக்கும். அந்த ஆசைக்காவது அந்தப் பேர் இந்த வீட்டிலை கேக்கட்டும்.”

“வேண்டாம் அக்கா.”

“ஏனடி? அழாதை. ஏன் வேண்டாம்?”

சேலைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சுதாஜினி கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்க்காமல், முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சண்டை முடிஞ்சு போகேக்கை முகாம் வாசல்லை ஆமிக்காரர் பேர் பதிஞ்சவங்கள் அக்கா. கலியாணம் கட்டாத பெட்டையளை மற்றப் பக்கம் போய் நிக்கச் சொல்லிச்சினம். அங்காலை நிண்டவளவையை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனாங்கள். அம்மா என்ர கையை விடேல்லை. ‘இவள் கட்டினவள், மனுசன் துலைஞ்சிட்டான்’ எண்டு சொன்னா. பேர் என்னெண்டு கேட்டான். ஊர் என்னெண்டு கேட்டான். அம்மா சொல்லச் சொல்ல எழுதினான். பிறகு எங்கை போனாலும் அந்தக் கடதாசியைப் பாத்துத்தான் மற்றக் கடதாசி எழுதிச்சினம். மாத்தினா குடுத்த வீட்டைப் பறிச்சு, மறியல்லை போடுவாங்கள் எண்டு அம்மா பயந்தா. சாகும்வரைக்கும் உன்னட்டையும் சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவா.”

ரஜிதாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

“அந்த நேரம் அம்மாவுக்கு வாயிலை வந்த பேர் அது,” என்றாள் சுதாஜினி. “சுகிர்தன் எண்டு ஒருத்தன் பிறக்கவேயில்லை அக்கா.”